பக்கக் கதவு நோயாளி

சவுந்தரநாயகத்துக்கு அறுபத்தேழு வயது. காப்புறுதிக் கம்பனி ஒன்றின் இழப்பீட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நோயை மறைத்துவிட்டுக் காப்புறுதி எடுத்தவர்களைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே அவருடைய வேலை. "வேறு வைத்தியர் எவரிடமும் சிகிச்சை பெறுகிறீரா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதிவிட்டுப் பிறகு மாட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். செத்தவர்களைக்கூட அவர் சும்மா விட்டதில்லை.

இப்போது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு லேனில், ஐந்தாம் மாடி ஃபிளாட் ஒன்றில் மனைவி சீதையோடு இருக்கிறார். அந்த லேனில் அவருக்கு இருக்கிற மரியாதை முழுவதும் ஒரு ஸ்டூலிலிருந்து வருகிறது.

லேனின் முகப்பிலேயே டொக்டர் ஹபீஸின் டிஸ்பென்சரி இருக்கிறது. பின்னேரம் ஐந்து மணிக்குத் திறப்பார்கள். நாலரைக்கே சனம் வந்து மஸாஹிராவிடம் நம்பர் எடுத்துக்கொண்டு வாங்கில் குந்தியிருக்கும். நம்பர் கொடுப்பதும் நோயாளியின் விபரக் காட் நிரப்புவதும் குளிசையைச் சின்னக் கடதாசி உறையில் போட்டுக் கொடுப்பதும் மஸாஹிராவின் பொறுப்பு. என்ன வருத்தம், பிரஷர் இருக்கா, சீனி இருக்கா, வேறு என்ன குளிசை குடிக்கிறீர்கள், வேறு டொக்டரிடம் போகிறீர்களா, எல்லாம் கேட்டு எழுதுவார். தலைக்கு மேலே ஓடும் மின்விசிறி பெரிய சத்தக்காரன் என்பதால் மஸாஹிரா அதைவிடச் சத்தமாகக் கேட்பார். மலச்சிக்கலோடு வந்தவரின் மலச்சிக்கல் முழு வாங்குக்கும் தெரிந்த செய்தியாகிவிடும்.

சவுந்தரநாயகத்துக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. இருபத்தேழு வருடமாக அவர் பக்கக் கதவால் போகிறவர். கேஸ் சிலிண்டரைத் தாண்டி, பச்சைத் திரையை விலக்கி, டொக்டரின் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் மர ஸ்டூலில் போய் இருந்துகொள்வார். ஒரு நோயாளி வெளியே போய் அடுத்த நோயாளி உள்ளே வருவதற்கு இடையில் இரண்டு பேரும் அரசியல் கதைப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் அவரையும் ஒரு டொக்டர் என்று நினைத்துவிடுவதுண்டு. ஒரு அம்மா ஹபீஸுக்கு நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு, குறை வைக்கக்கூடாது என்று இவர் பக்கமும் திரும்பி நீட்டினார். சவுந்தரநாயகம் குனிந்து பார்த்து, "பரவாயில்லை" என்றார்.

இப்படிப்பட்ட மனிதர் இன்னொரு டொக்டரிடம் போவதை நினைத்துப் பார்க்க முடியுமா? அவராலேயே முடியவில்லை. அதனால்தான் போனதை மறைத்துவிட்டார்.

இது அவருடைய தனிக் குணம் என்று யாரும் எண்ண வேண்டாம். வெள்ளவத்தையில் ஒரு டொக்டரிடம் போவது இன்னொரு டொக்டருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அவருடைய மனம் நோகும். நோயாளிக்கு எங்கே நொந்தாலும் பரவாயில்லை, டொக்டருக்கு மனம் நோகக்கூடாது. ஆகவே நாங்கள் ஒவ்வொரு டொக்டரையும் தனித்தனி வீட்டில் குடிவைத்து, ஒருவரைப் பற்றி மற்றவர் மூச்சுக் காட்டாதபடி பராமரித்து வருகிறோம். ஊரில் இரண்டு குடும்பம் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரிந்த கலைதான்.

இரண்டு வருடத்துக்கு முதல் மாடிப்படியில் மூச்சு வாங்கியபோது ஹபீஸ் குழாயை வைத்துப் பார்த்து, "நாயகம், ஒங்கட நெஞ்சு காளை மாட்டு நெஞ்சு" என்று சொல்லியிருந்தார். அடுத்த மாதம், கனடாவில் இருக்கும் மருமகன் கரைச்சல் கொடுத்ததால், கொள்ளுப்பிட்டியில் இதய நிபுணர் டொக்டர் கஜேந்திரனிடம் நேரம் குறித்து, சனல் பண்ணிப் போனார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்த கஜேந்திரன், காளை ஒழுங்கில்லாமல் ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். துடிப்பு ஒழுங்கில்லாவிட்டால் இதயத்துக்குள் இரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். உறையாமல் இருக்க வார்பரின் குளிசை. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைச் சொல்லும் ஐ.என்.ஆர். என்ற எண்ணை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நின்றால் நல்லது.

"ஹபீஸ் டொக்டரிட்டச் சொல்லிப்போட்டியளோ?" என்று சீதை அன்று பின்னேரமே கேட்டார்.

"சொல்லுவம்."

"எப்ப?"

"போன மாசம்தான் அந்தாள் காளை மாடெண்டு சொன்னது. இப்ப போய் இல்லையெண்டு சொன்னா முகம் எப்பிடி இருக்கும்? கொஞ்சம் ஆறட்டும்."

ஆறியது. இரண்டு வருடமாக ஆறியது. முதல் கிழமை சொல்லியிருந்தால் செய்தி. ஆறு மாதம் கழித்துச் சொன்னால் ஒப்புதல் வாக்குமூலம். இரண்டு வருடம் கழித்து எப்படிச் சொல்வது?

மாதத்தில் ஒரு செவ்வாய் காலையில் சவுந்தரநாயகம் விபூதி பூசி, கூடையில் பூவும் எடுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்குப் போவார். அந்த நேரம் ஹபீஸ் நடைப்பயிற்சி முடித்துத் திரும்பி வருவார்.

"எங்க நாயகம், கோயிலா?"

"ஓம் டொக்டர்."

"ஒங்கட பக்திய பாத்தா எனக்கு வெக்கமா ஈக்கு."

கொள்ளுப்பிட்டியில் பூவை என்ன செய்வது என்று தெரியாமல் வரவேற்பில் இருக்கிற பிள்ளையிடம் கொடுத்துவிடுவார். அந்தப் பிள்ளை இவரைப்போல நல்ல அங்கிள் கொழும்பிலேயே இல்லை என்று நம்புகிறது. குளிசைப் போத்தல் வீட்டில் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ளே, கண்ணாடிக் கூடு உடுப்பு அலுமாரிக்குள்ளே. எலிப் பாஷாணத்திலும் இந்தச் சாமான்தான் போடுகிறார்கள் என்று சீதை எங்கோ வாசித்துவிட்டு வந்து சொன்னதிலிருந்து அலுமாரிக்குப் பூட்டும் போட்டிருந்தார்.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது ஒரு கடைவாய்ப் பல்.

ஒரு வெள்ளிக்கிழமை கன்னம் வீங்கிவிட்டது. சவுந்தரநாயகம் பக்கக் கதவால் போய் ஸ்டூலில் இருந்து வாயைத் திறந்தார். ஹபீஸ் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"சீழ் கட்டீக்கு நாயகம். பல்லு டொக்டர்ட்ட போகத்தான் வேணும். அதுக்கு முந்தி வீக்கத்தக் கொறைப்பம்."

அலுமாரியிலிருந்து இரண்டு பெரிய போத்தல்களை எடுத்து, இரண்டு சின்ன உறைகளில் வெள்ளைக் குளிசைகளைத் தானே எண்ணிப் போட்டார். உறையில் காலை ஒன்று, பகல் ஒன்று, இரவு ஒன்று என்று கோடு மட்டும் போட்டார். மருந்தின் பெயர் எழுதவில்லை. எழுதுகிற வழக்கம் இல்லை. வேறு என்ன குளிசை குடிக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. ஸ்டூலில் இருக்கிறவரிடம் அதைக் கேட்கிற வழக்கமும் இல்லை.

சவுந்தரநாயகத்தின் நாக்கு நுனிவரை வார்பரின் வந்தது. அந்தக் கணம் ஒன்பதாம் நம்பர் ஒரு கைக்குழந்தையோடு உள்ளே வந்துவிட்டது. பிற்காலத்தில் அந்தக் குழந்தையின் மேல் பழியைப் போட அவர் பல தடவை முயன்றிருக்கிறார்.

மூன்றாம் நாள் கன்னம் வற்றியது. நாலாம் நாள் பல் தீட்டும்போது துப்பியது சிவப்பாக இருந்தது. ஐந்தாம் நாள் சவரம் செய்யும்போது நாடியில் ஒரு கீறல். பேப்பரை வைத்து அழுத்தினால் நிற்க வேண்டியது, தலையங்கம் முழுவதையும் நனைத்தும் நிற்கவில்லை. மரக்கறிப் பை தொங்கிய முழங்கையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு வட்டம்.

"இதென்ன கண்டல்?" என்றார் சீதை.

"நுளம்பு கடிச்சது."

"இந்த அளவில நுளம்பெண்டா அதுக்கு மாநகர சபை வரி அறவிடும். அந்த வெள்ளைக் குளிசை துவங்கினாப் பிறகுதான் இதெல்லாம். நான் ஹபீஸ் டொக்டருக்கு கோல் எடுக்கிறன்."

"எடுத்தீரெண்டா நான் சோறு தின்னமாட்டன்."

ஆறாம் நாள் ஃபிளாட் சங்கத்தின் கூட்டம். லிஃப்ட் மூன்று மாதமாக மூன்றாம் மாடியிலேயே நிற்கிறது என்பதைப் பற்றிச் சவுந்தரநாயகம் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். நிர்வாகம் எங்களுடைய இரத்தத்தைக் குடிக்கிறது என்று அவர் சொன்ன வேளையில் மூக்கிலிருந்து ஒரு துளி கூட்டக் குறிப்பில் விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. எதிரே இருந்த நிர்வாகத் தலைவர் பயத்தில் லிஃப்டை மறுநாளே திருத்துவதாக ஒப்புக்கொண்டார்.

கீழ் மாடியில் கேக் செய்து விற்கும் பைறோஸா ஓடி வந்து அவருடைய மூக்கைப் பிடித்து, தலையைக் குனிய வைத்தார். இருபது நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றபடி தீர்ப்பும் சொன்னார்.

"அங்கிள், இது டெங்குதான். ஒங்களுக்கு பிளேட்லட் எறங்கீட்டு."

கொழும்பில் டெங்கு வந்தபின் பிளேட்லட் தெரியாத மனிதர் இல்லை. கிரிக்கெட் ஓட்டத்தைப்போல எண்ணிக்கையை மாடிக்கு மாடி விசாரிப்பார்கள். மற்றவர்களுக்கு டெங்கு என்றால் முகம் கறுக்கும். சவுந்தரநாயகத்தின் முகம் மலர்ந்தது. டெங்கு நுளம்பால் வருவது. அதற்கு யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

"நான் அப்பவே நுளம்பெண்டு சொன்னனான்" என்றார் மூக்கடைத்த குரலில், மனைவியைப் பார்த்து.

"காய்ச்சலில்லாத டெங்கோ?" என்றார் சீதை.

"இப்ப புதுசா அப்பிடியும் வருதாம்."

பைறோஸா பப்பாசி இலையை இடித்துச் சாறெடுத்துக் கொண்டுவந்தார். அந்தக் கசப்பைச் சவுந்தரநாயகம் பாயசம்போலக் குடித்தார். மறுநாள் காலையில் காலி வீதி லாப்பில் இரத்தம் கொடுத்துவிட்டு, பிளேட்லட் எண்ணிக்கை விழுந்திருக்க வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டார். அறிக்கை வந்தது. இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம். இருபது வயதுப் பையனுக்கு இருக்கிற கணக்கு.

"இது லாப்பின்ர பிழை" என்றார்.

சொல்லி முடிக்கும்போதே மூக்கு மறுபடியும் ஒழுகத் தொடங்கியது. சீதை அலுமாரிப் பூட்டின் திறப்பைப் பறித்து, கண்ணாடிக் கூட்டையும் இரண்டு வெள்ளை உறைகளையும் கைப்பையில் போட்டு, ஓட்டோவைக் கூப்பிட்டார். பூக்கூடை எடுக்கவில்லை. வரவேற்புப் பிள்ளை, "அங்கிள், இண்டைக்குப் பூ இல்லையா?" என்று கேட்டபோது சீதை கணவரைப் பார்த்த பார்வை தனிக் கதை, அதை வீட்டில் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்.

ஐ.என்.ஆர். ஏழு தசம் ஒன்பது.

கஜேந்திரன் அறிக்கையை இரண்டு முறை பார்த்தார். சின்ன வயது, மெல்லிய குரல், ஆனால் ஒரு விஷயத்தைச் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"அங்கிள், புதுசா ஏதாவது மருந்து எடுத்தனீங்களோ?"

"இல்லை."

"எடுத்தவர்" என்றார் சீதை. "பல்லுக்கு. ஆறு நாளா."

"என்ன மருந்து?"

"வெள்ளை" என்றார் சவுந்தரநாயகம்.

"அங்கிள், உலகத்தில முக்கால்வாசிக் குளிசை வெள்ளைதான். பேர்?"

சீதை உறைகளை மேசையில் வைத்தார். கஜேந்திரன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று கோடுகள் மட்டும் இருந்தன.

"ஆனா தம்பி, என்ர பிளேட்லட் இரண்டு லட்சத்து நாப்பதாயிரம்" என்றார் சவுந்தரநாயகம், பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளையைப் போல.

"நீங்கள் இருக்கிறது ஃபிளாட்டில தானே? மதில் கட்டக் கல்லு மட்டும் காணுமோ? பிளேட்லட் கல்லு. காயம் பட்டா முதல்ல ஓடிவந்து அடுக்கி நிக்கும். ஆனா கல்லுக்கு இடையில சீமெந்து வேணும். அந்தச் சீமெந்தை ஈரல் செய்யுது, விற்றமின் கே-யை வைச்சு. நீங்கள் குடிக்கிற வார்பரின், அந்த விற்றமின் வேலை செய்யிறதைக் கொஞ்சம் தடுத்து வைக்குது. கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை அளக்கத்தான் மாசா மாசம் உங்கட இரத்தத்தை எடுக்கிறன்."

"சரி."

"இப்ப மேலால அன்டிபயோட்டிக் வருது. உங்கட குடலில இருக்கிற நல்ல கிருமியளும் கொஞ்சம் விற்றமின் கே செய்து தாறது. பல்லில இருக்கிற கிருமியைக் கொல்லப் போன குளிசை, வழியில இதுகளையும் கொண்டுபோடும். அதைவிடப் பெரிய கரைச்சல், சில அன்டிபயோட்டிக், ஈரல் வார்பரினைக் கழிச்சு வெளிய விடுறதைத் தடுத்துப்போடும். நீங்கள் ஒரு குளிசை குடிக்கிறீங்கள், உடம்புக்குள்ள அது இரண்டு மூண்டு குளிசை மாதிரி வேலை செய்யுது. சீமெந்து முடிஞ்சுது. கல்லு மட்டும் நிக்குது."

"கல்லாவது நிக்குதே."

"அதையும் நம்பேலாது. வேற சில அன்டிபயோட்டிக் கல்லையே சோம்பேறியாக்கும். எண்ணிப் பாத்தா எண்ணிக்கை சரியா இருக்கும், ஆனா ஒண்டோட ஒண்டு ஒட்டாது. அதுதான் எனக்குப் பேர் வேணும். என்ன குளிசை எண்டு தெரிஞ்சாத்தான் எத்தனை நாளைக்கு இந்த எண் இன்னும் ஏறும், பல்லுக்குப் பதிலா என்ன குடுக்கலாம் எண்டு முடிவு செய்யலாம். தந்த டொக்டருக்கு கோல் எடுங்கோ."

சவுந்தரநாயகம் மூக்கில் கைலேஞ்சியை அழுத்திக்கொண்டு யன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார்.

"அந்தாள் போன் பாவிக்கிறேல்லை."

"நேற்றுத்தானே உங்களுக்கு வட்ஸ்அப்பில மாம்பழப் படம் அனுப்பினவர்!" என்றார் சீதை.

"அது படம். கதைக்கிறது வேற."

கஜேந்திரன் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டு அவருக்கு நேரே இருந்தார். "அங்கிள், இப்ப மூக்கால வருது. உங்களுக்கும் தெரியுது, எனக்கும் தெரியுது. இந்த எண்ணில மூளைக்குள்ள கசிஞ்சா ஒருத்தருக்கும் தெரியாது. தெரிய வரேக்க கதைக்க ஆள் இருக்கமாட்டார். நான் உங்களை இப்ப வாட்டில போடப்போறன், விற்றமின் கே தரப்போறன். ஆனா அந்தப் பேர் எனக்கு வேணும். நீங்கள் ஆருக்குப் பயப்படுறீங்கள்?"

சவுந்தரநாயகம் யாருக்கும் பயப்படவில்லை. ஒரு ஸ்டூலை இழக்கத்தான் பயப்பட்டார். இது அறுபத்தேழு வயது மனிதர் வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இல்லை. அதனால் போனை எடுத்தார். கஜேந்திரன் அதை வாங்கிச் சத்தம் வெளியே கேட்கும்படி செய்து மேசையில் வைத்தார்.

"நாயகம்! என்ன, கோயில்லயா ஈக்கிறீங்க?" என்றது ஹபீஸின் குரல்.

"டொக்டர், அந்த மாம்பழம் உங்கட வீட்டு மரத்திலயோ?"

"ஓ. ஏன்?"

"நல்ல பெரிசு."

"நாலு அனுப்புறன். பல்லு எப்பிடி?"

"பல்லு சுகம். வெயில் கூட என்ன?"

மேசையில் விரித்திருந்த அறிக்கையின் மேல் ஒரு சிவப்புத் துளி விழுந்தது, சரியாக ஏழு தசம் ஒன்பதின் மேல். சீதைக்குப் பொறுமை போய்விட்டது.

"டொக்டர், இவர் இரண்டு வருசமா வார்பரின் குடிக்கிறார்!" என்று போனைப் பார்த்துக் கத்தினார். "உங்களுக்கு ஒளிச்சு! மூக்கால ரத்தம் ஓடுது! ஐ.என்.ஆர். எட்டு!"

"ஏழு தசம் ஒன்பது" என்று சவுந்தரநாயகம் திருத்தினார்.

மறுபக்கத்தில் கதிரையைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது. சவுந்தரநாயகம் கண்ணை மூடிக்கொண்டார்.

"மெட்ரோனிடசோல்" என்றது குரல் கடைசியில். அதில் நட்பு இல்லை, கோபமும் இல்லை. "கூட அமொக்சிசிலின். ரெண்டும் ஆறு நாள். பக்கத்துல ஈக்கிற டொக்டர்ட்ட போன குடுங்க."

கஜேந்திரன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். இரண்டு டொக்டர்களும் இங்கிலீசில் கதைத்தார்கள். முதலில் மெதுவாக. பிறகு கொஞ்சம் சத்தமாக. பிறகு கஜேந்திரன் சிரிக்கும் சத்தம் கேட்டது. பதினொரு நிமிடம். இரண்டு வருடமாக ஒருவரை ஒருவர் காணவிடாமல் வைத்திருந்த இரண்டு பேர் தன்னை வெளியே விட்டுவிட்டுச் சந்தோசமாகக் கதைப்பதைக் கேட்கச் சவுந்தரநாயகத்துக்கு மூக்கைவிட நெஞ்சு அதிகம் நொந்தது.

"என்னவாம்?" என்றார், கஜேந்திரன் திரும்பி வந்ததும்.

"நல்ல மனுசன். இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?"

வாட்டில் மூன்று நாள் வைத்தார்கள். வார்பரினை நிறுத்தி, வெள்ளைக் குளிசைகளை நிறுத்தி, விற்றமின் கே கொடுத்தார்கள். விற்றமின் கே கீரையிலும் இருக்கிறது என்று தாதியிடம் கேள்விப்பட்ட சீதை, வல்லாரையும் முருங்கையிலையும் கங்குனும் சட்டி சட்டியாகச் சமைத்துக் கொண்டுவர, கஜேந்திரன் சட்டியை மூடிக் கையில் கொடுத்து, கீரையை நாளாந்தம் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும், இப்படிக் கொட்டினால் எண் அடுத்த பக்கத்துக்குச் சரியும் என்று சொல்லி அனுப்பினார். இரண்டாம் நாள் எண் மூன்று தசம் ஆறுக்கு இறங்கியது. மூக்கு நின்றது.

மூன்றாம் நாள் ஹபீஸ் வந்தார். கையில் மாம்பழப் பை இல்லை. டிஸ்பென்சரிக் காட் ஒன்றும் பேனையும் இருந்தன. கதிரையை இழுத்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பேர்?"

"டொக்டர், என்ன இது..."

"பேர் செல்லுங்க."

"சவுந்தரநாயகம்."

எழுதினார். வயது எழுதினார். "வேற டொக்டர்மார்ட்ட போறீங்களா?"

முப்பத்தொரு வருடம் மற்றவர்களிடம் தான் கேட்ட கேள்வி கட்டிலைத் தேடி வந்திருப்பதை உணர்ந்து சவுந்தரநாயகம் தலையணையில் சரிந்தார்.

"கஜேந்திரன்."

"அது தெரியும். வேற?"

"கண்ணுக்கு, பம்பலப்பிட்டியில ஒருத்தர். துளி மட்டும்."

"வேற?"

"கிருலப்பனையில ஒரு ஆயுள்வேத வைத்தியர். முழங்காலுக்கு எண்ணெய்."

"எண்ணெய் மட்டுமா?"

"ஒரு சூரணமும். தேனில குழைச்சு."

ஹபீஸ் பொறுமையாக எழுதினார். கஜேந்திரனை எழுதியபோதோ சூரணத்தை எழுதியபோதோ அவருடைய முகம் மாறவில்லை. "வேற?"

சவுந்தரநாயகம் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார். "ஒருக்கா காது அடைச்சது. நீங்கள் மக்காவுக்கு உம்றா போயிருந்த நேரம். அப்ப முன் லேனில..."

பேனை நின்றது.

"முன் லேன்ல யாரு?"

"ஒரே ஒரு நாள், டொக்டர்."

"அவன்ட்டயா?" முன் லேனில் போட்டிக்கு டிஸ்பென்சரி திறந்தவரின் பெயரை ஹபீஸ் வாயில் எடுப்பதில்லை.

"காது மட்டும்தான்!"

ஹபீஸ் எழுந்து யன்னலடிக்குப் போய், கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இதயத்தை இன்னொருவரிடம் கொடுத்ததை மன்னித்தவர், காதைக் கொடுத்ததை மன்னிக்கப் படாத பாடு பட்டார். திரும்பி வந்து அதையும் எழுதினார். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

"நாயகம், நீங்க மறைச்சது பிழை. அது ஒரு பக்கம் ஈக்கட்டும். நான் கேக்கல்ல. அத நெனச்சுத்தான் மூணு நாளா தூக்கம் போகல்ல. மெட்ரோனிடசோல் குடுக்க முந்தி வார்பரின் குடிக்கிறீங்களான்னு கேக்கணும்னு எனக்கு நல்லாத் தெரியும். நம்பர் எடுத்து வார எல்லார்ட்டயும் மஸாஹிரா கேப்பா. ஒங்களுக்கு காட்டே இல்ல. ஸ்டூல்ல ஈக்கிறவர்ட்ட யாரு கேக்கிற? இன்னம் ரெண்டு நாள் போயிருந்தா, நான் என்ட கையாலயே எண்ணிப் போட்ட குளிசை..."

சவுந்தரநாயகம் கட்டில் விரிப்பின் மடிப்பை நீவிவிட்டார்.

"ஸ்டூல டிஸ்பென்சரிக்கு மேல ஈக்கிற என்ட வீட்டுக்கு அனுப்பிட்டன்" என்றார் ஹபீஸ், காட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. "மாம்பழம் தின்ன வாரதுன்டா அங்க வாங்க. வருத்தத்துக்கு வாரதுன்டா நம்பர் எடுங்க."

அடுத்த கிழமை பின்னேரம் நாலே முக்காலுக்குச் சவுந்தரநாயகம் முன் வாசலால் டிஸ்பென்சரிக்குள் போனார். பல்லைப் பிடுங்குவதற்கு முதல் கஜேந்திரன் எழுதித் தந்த கடிதத்தைக் காட்ட வேண்டியிருந்தது. மஸாஹிரா இருபத்திரண்டாம் நம்பரைக் கொடுத்தார். வாங்கில், ஓய்வு பெற்ற அதிபர் பொன்னம்பலத்துக்கும் இருமிக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் கிடைத்தது. பதினெட்டுப் பேர் அவரைப் பார்த்தார்கள். பக்கக் கதவு பூட்டியிருந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"இருவத்திரெண்டு!" என்று கூப்பிட்டார் மஸாஹிரா. "அங்கிள், காட்ட ஒருக்கா சரி பாப்பம். வேற டொக்டர்மார்ட்ட போறீங்களா?"

மின்விசிறி சுழன்றது. இருமிக்கொண்டிருந்த அம்மா இருமலை நிறுத்திவிட்டார். சவுந்தரநாயகம் எழுந்து நின்றார்.

"ஓம்" என்றார், கடைசி வாங்குக்கும் கேட்கும்படி. "ஐஞ்சு பேர், பல்லு டொக்டரோட. வார்பரின் குடிக்கிறன். சூரணமும் குடிக்கிறன். முன் லேனுக்கும் ஒரு நாள் போனனான். எழுதிப்போட்டு ஒருக்கா வாசியும் பிள்ளை, விடுபட்டா திருத்திறன்."

மஸாஹிரா வாசித்தார். முழு வாங்கும் கேட்டது. முன் லேன் என்ற இடத்தில் இரண்டு பேர் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். சவுந்தரநாயகம் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து இருந்தார். உலகம் இடிந்து விழவில்லை.

பிறகு அதிபர் பொன்னம்பலம் தொண்டையைச் செருமிக்கொண்டு, குடையை ஊன்றி, மெதுவாக எழுந்து கவுண்டரடிக்குப் போனார்.

"பிள்ளை, என்ர காட்டில ஒரு சின்னத் திருத்தம் இருக்கு" என்றார். "அந்த விசிறியை ஒருக்கா நிப்பாட்டிப்போட்டு, காதைக் கிட்டக் கொண்டாரும்."

"விசிறிய நிப்பாட்ட ஏலா சேர். சனம் வேர்த்துப் போகும்" என்றார் மஸாஹிரா. "சத்தமாச் செல்லுங்க."